எக்கோ சவுண்டர் காட்டும் ஆழம் சரிதானா? கரையில் தொடங்கிக் கடலில் முடிக்கும் முழு வழிகாட்டி

பாம்பன் பக்கம் அருகருகே நங்கூரம் போட்டு நிற்கும் இரண்டு விசைப்படகுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் எக்கோ சவுண்டர் 2.6 மீட்டர் என்கிறது, பக்கத்துப் படகில் 4.4 மீட்டர். நடுவில் பத்தடி இடைவெளிகூட இல்லை, தரை சமமான சேறு. எந்தக் கருவி பழுது?

இரண்டுமே நன்றாக இருக்கலாம். முதல் படகின் கருவி, ஏராவின் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டை, அதாவது கீல்) அடியிலிருந்து தரை வரைக்கும் மிச்சம் இருக்கும் தண்ணீரைச் சொல்கிறது. இரண்டாவது, நீர்மட்டத்திலிருந்து தரை வரை சொல்கிறது. படகு தண்ணீருக்குள் 1.8 மீட்டர் அமிழ்ந்திருந்தால் இரண்டு எண்களும் ஒரே ஆழம்தான்.

"எக்கோ தப்பா காட்டுது" என்று வரும் புகார்களில் பலவும் இந்த இடத்தில்தான் முடியும். கருவி அளப்பதில் தவறு இருக்காது, எங்கிருந்து எண்ணுகிறது என்பதில்தான் குழப்பம் இருக்கும். ஆகவே மெனுவைத் திறப்பதற்கு முன்னால் டேப்பைக் கையில் எடுங்கள்.

இதற்குத் தோதான காலம் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, விசைப்படகுகள் கரையேறிச் சுரண்டலும் பெயின்டும் வாங்கும். தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத இரண்டு அளவுகளை அப்போது நின்று நிதானமாக எடுத்துவிடலாம்.

முதலில், கருவி செய்வது என்ன?

படகின் அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசர் ஒரு குட்டி ஒலித்துடிப்பை விடுகிறது. அது தரையில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கருவி எண்ணுகிறது. நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி, போக வர என்பதால் இரண்டால் வகுக்கிறது. பதினைந்து மீட்டர் ஆழத்துக்குப் போய்வர ஒலிக்கு ஆகும் நேரம், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு.

ஆக, கருவிக்கு உண்மையிலேயே தெரிந்தது ஒன்றே ஒன்று: டிரான்ஸ்டியூசரின் முகத்திலிருந்து எதிரொலி வந்த இடம் வரைக்கும் ஆன நேரம். நீர்மட்டம் எங்கே, ஏரா எங்கே, இந்தத் தண்ணீரில் ஒலி எவ்வளவு வேகத்தில் போகும், திரும்பி வந்தது தரையின் எதிரொலியா மீன் கூட்டத்தின் எதிரொலியா என்பதெல்லாம் நாம் சொல்லிக்கொடுப்பது, அல்லது கருவி ஊகிப்பது. கீழே வரும் வேலை முழுவதும் இந்த ஊகங்களை ஒவ்வொன்றாகத் திருத்துவதுதான்.

கரையில்: இரண்டு அளவுகள்

தேவையானவை டேப், சாக்பீஸ், அப்புறம் கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப். கொத்தனாரின் அந்தச் சாதாரண டியூப், படகு வேலையில் விலையுயர்ந்த கருவிகளைவிட நன்றாக உதவும்.

படகு கரையில் சமமாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். அணியத்தில் (படகின் முன்முனையில்) இருக்கும் நீர்க்கோட்டு அடையாளத்திலும் பின்பக்கத்து அடையாளத்திலும் டியூபைப் பிடித்தால் தண்ணீர் இரண்டு இடத்திலும் கோட்டோடு ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலும் ஒத்துப்போகாது, கரையேற்றிய படகு கொஞ்சம் அணியம் தூக்கியபடி நிற்கும். அப்படியென்றால் தரையிலிருந்து அளக்காதீர்கள், நீர்க்கோட்டிலிருந்து செங்குத்தாகக் கீழ்நோக்கி அளந்துகொள்ளுங்கள். கடலில் தண்ணீர் நிற்கப்போவது அந்தக் கோட்டுக்கு இணையாகத்தானே.

முதல் அளவு: டிரான்ஸ்டியூசர் முகத்திலிருந்து படகின் ஆகத் தாழ்ந்த இடம் வரை. "ஆகத் தாழ்ந்த இடம்" என்றதும் ஏராவின் நடுப்பகுதியை அளந்துவிட்டு வராதீர்கள். நம் விசைப்படகுகளில் பின்பக்கம்தான் ஆழமாக இறங்கும். சுக்கானின் அடியைத் தாங்கும் இரும்புதான் பல படகுகளில் முதலில் தரையைத் தொடும். வெளியே பொருத்தும் இன்ஜின் உள்ள ஃபைபர் படகில் இன்ஜினின் அடித்துடுப்போ புரொப்பல்லரின் கீழ் இதழோதான் தாழ்ந்த இடம். எது முதலில் தட்டுமோ அதுவரை அளந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது அளவு: டிரான்ஸ்டியூசர் முகத்திலிருந்து நீர்மட்டம் வரை. இது கரையில் தோராயமாகத்தான் கிடைக்கும். படகு எத்தனை டன் ஐஸும் டீசலும் ஏற்றியிருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும். நீர்மட்டத்தில் சுமார் 50 சதுர மீட்டர் பரப்புள்ள படகில் ஐந்து டன் ஏற்றினால் கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர் இறங்கும். முதல் அளவு அப்படி இல்லை. மரமும் இரும்பும் நகரப் போவதில்லை, ஆகவே ஒருமுறை சரியாக எடுத்தால் அடுத்த வேலைப்பாடு வரை மாறாது. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

நாம் பார்க்கப்போகும் உதாரணப் படகில் முதல் அளவு 0.7 மீட்டர், இரண்டாவது 1.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 1.8, படகு அமிழும் ஆழம்.

கரையில் இருக்கும்போதே டிரான்ஸ்டியூசரின் முகத்தையும் பார்த்துவிடுங்கள். கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிர்) ஒட்டியிருந்தால் உலோகச் சுரண்டியை எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் துண்டும் சோப்புத் தண்ணீரும் போதும், பிடிவாதமாக இருந்தால் நைசான தண்ணீர் உப்புத்தாள். பெயின்டர் அடிப்பக்கம் முழுக்க ஒரே வாளிப் பெயின்ட்டை அடித்துக்கொண்டு போகும்போது இந்த முகத்தையும் சேர்த்து அடித்துவிடுவார். அதற்கென்று இருக்கும், தண்ணீர் அடிப்படையிலான பெயின்டைத்தான் மெலிதாக அடிக்க வேண்டும். சாதாரணப் பெயின்டில் இருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக் முகத்தை அரித்துவிடும், தடிமனான பூச்சு ஒலியையும் மட்டுப்படுத்தும். இன்னொன்று: படகு கரையில் நிற்கும்போது "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று கருவியை ஓடவிடாதீர்கள். சக்தி கூடிய டிரான்ஸ்டியூசர் தண்ணீரில்லாமல் ஓடினால் சூடாகிக் கெட்டுவிடும்.

டிரான்ஸ்டியூசர் சரியான இடத்தில் இருக்கிறதா?

நின்றால் நன்றாகக் காட்டுகிறது, ஓடினால் எண் காணாமல் போகிறது என்றால் அது மெனுவில் தீரும் கோளாறு அல்ல. முகத்தின் கீழே காற்றுக்குமிழி ஓடுகிறது. ஒலித்துடிப்புக்குக் காற்று என்பது சுவர் மாதிரி.

பின்பலகையில் பொருத்தும் வகை என்றால், முகம் படகின் அடித்தளத்தைவிடக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஃபைபர் உடலில் 3 மில்லிமீட்டர் அளவு போதும், அலுமினிய உடலில் ரிவெட்டுகள் குமிழியைக் கிளப்புவதால் 10 மில்லிமீட்டர் வரை இறக்குவார்கள். முன்னால் கடல்தண்ணீர் உறிஞ்சும் துளையோ, அடிவரிப் பட்டையோ, ஆணி வரிசையோ இருக்கக்கூடாது. புரொப்பல்லரின் இதழ் கீழ்நோக்கி இறங்கும் பக்கம் நல்லது, வலப்பக்கமாகச் சுழலும் புரொப்பல்லருக்கு அது படகின் வலது பக்கம். அடித்தளத்தைத் துளைத்துப் பொருத்தும் வகையில், அணியத்திலிருந்து நீர்க்கோட்டின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைப்பது மெதுவாக ஓடும் படகுகளுக்குச் சரிவரும். முகம் தரையைப் பார்த்து நேராக இருக்க வேண்டும். அடித்தளம் சரிவாக இருந்தால் மரக்கட்டையோ பிளாஸ்டிக் கட்டையோ செதுக்கிச் சமன் செய்யாமல் பொருத்துவது வீண்.

ஃபைபர் படகின் உட்பக்கத்திலேயே ஒட்டும் வகையும் உண்டு. திடமான ஃபைபர் வழியாக ஒலி போகும், நடுவில் நுரையோ மரமோ வைத்த உடலில் போகாது. ஒட்டும்போது நடுவில் ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலும் அவ்வளவுதான்.

மெனுவில்: அலகும் ஆஃப்செட்டும்

படகு தண்ணீரில் இறங்கியாயிற்று. முதலில் அலகைப் பாருங்கள். மீட்டர், அடி, பாகம் மூன்றும் மெனுவில் இருக்கும். ஒரு பாகம் ஆறடி, அதாவது 1.83 மீட்டர். ஜப்பானியக் கருவிகளில் இவை தவிர அந்நாட்டு "ஹிரோ" போன்ற அளவுகளும் வரும். யாரோ பட்டனைத் தட்டி அது மாறியிருந்தால், எண் ஏறக்குறைய பாகம் போலவே தோன்றி ஏமாற்றும். பெரியவர்கள் பாகத்தில் பேசி, கருவி மீட்டரில் காட்டி, கடல்வரைபடம் இன்னொன்றில் இருந்தால் எங்கே போய் முடியும்! ஒரே அலகில் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வரைபடம் மீட்டரில் இருப்பதால் மீட்டரே வசதி.

அடுத்து ஆஃப்செட், அதாவது கருவியின் எண்ணோடு கூட்டவோ கழிக்கவோ நாம் கொடுக்கும் திருத்தம். "கீல் ஆஃப்செட்", "டிராஃப்ட்", "டெப்த் ஆஃப்செட்" என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். முதலில் அதைப் பூஜ்யமாக்குங்கள். இப்போது திரையில் இருப்பது டிரான்ஸ்டியூசரிலிருந்து மட்டும் எண்ணிய எண். நம் உதாரணத்தில் 3.3 மீட்டர்.

இப்போது முடிவு உங்களுடையது. ஏராவிலிருந்து எண்ண வேண்டுமென்றால் 0.7 மீட்டரைக் கழிக்க வேண்டும், எண் 2.6 ஆகும். நீர்மட்டத்திலிருந்து என்றால் 1.1 மீட்டரைக் கூட்ட வேண்டும், 4.4 ஆகும். எதைத் தேர்ந்தெடுப்பது? வரைபடத்தோடு ஒப்பிட்டும், வலை இறக்கும் ஆழத்தைக் கணக்கிட்டும் வேலை செய்பவர்களுக்கு நீர்மட்டக் கணக்கு வசதி. ஆற்று முகத்துவாரம், மண் தூர்ந்த துறைமுக வாய், பாக் விரிகுடாவின் திட்டுகள் என்று தட்டும் பயத்தோடு ஓட்டுபவர்களுக்கு ஏராக் கணக்கே மேல் என்பது என் கருத்து. முன்பு சொன்ன காரணம்தான்: ஐஸ் ஏற்றினாலும் இறக்கினாலும் ஏராக் கணக்கு பொய்க்காது. தூக்கக் கலக்கத்தில் அதிகாலை மூன்று மணிக்குச் சுக்கான் பிடிப்பவரை 4.4-லிருந்து 1.8-ஐக் கழிக்கச் சொல்லக்கூடாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல கருவிகளில் ஏராக் கணக்குக்குக் கழித்தல் குறி, நீர்மட்டத்துக்குக் கூட்டல் குறி. சில கம்பெனிகளில் தலைகீழாக இருக்கும். கையேட்டில் தேடிக்கொண்டிருப்பதைவிட எளிய சோதனை: ஏராக் கணக்குக்கு எண் குறைய வேண்டும், நீர்மட்டக் கணக்குக்கு எண் கூட வேண்டும். ஏராவுக்கென்று 0.7 போட்டதும் 3.3 என்பது 4.0 ஆனால் குறி தப்பு. உண்மையில் 2.6 மீட்டர்தான் இருக்கும்போது 4.0 என்று காட்டும், 1.4 மீட்டர் பிசகு, அதுவும் தட்டவைக்கும் பக்கமாக.

இரண்டாவது பொறி, ஒரே கருவியிலிருந்து ஆழம் வேறு திரைகளுக்கும் போகும் படகுகளில். எக்கோவிலும் 0.7 கழித்து, ஜிபிஎஸ் பிளாட்டரிலும் இன்னொரு 0.7 கழித்திருப்பார்கள். நான் பார்த்த ஒரு படகில் அணியத்துத் திரை ஒன்றையும், வீல்ஹவுஸ் திரை வேறொன்றையும் காட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து ஓட்டிக்கொண்டிருந்தார்! ஆஃப்செட்டை ஒரே இடத்தில் போடுங்கள், மற்றவற்றில் பூஜ்யம். கருவிகளுக்கு இடையே போகும் செய்தியில் டிபிடி (DBT), டிபிஎஸ் (DBS), டிபிகே (DBK) என்று மூன்று வகை உண்டு. முதலாவது டிரான்ஸ்டியூசரிலிருந்து, இரண்டாவது நீர்மட்டத்திலிருந்து, மூன்றாவது ஏராவிலிருந்து. டிபிடி வாங்கிக் காட்டும் திரைக்கு உங்கள் ஆஃப்செட் போய்ச் சேராது, அங்கே அதைத் தனியாகத்தான் போட வேண்டும். ஆகவே எந்தத் திரை எதை வாங்குகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிற்றோடு ஒப்பிடுதல்

இதுதான் முக்கியமான கட்டம். மற்ற எல்லாவற்றையும் அவசரமாகச் செய்தாலும் இதை நிதானமாகச் செய்யுங்கள்.

நீரில் ஊறினால் நீளம் மாறாத கயிறு வேண்டும். நைலான் இழுபடும், பருத்தி சுருங்கும். பாலியஸ்டர் பின்னல் கயிறு நல்லது. அதை ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து, குண்டைக் கட்டி இழுபட்ட நிலையில், மீட்டருக்கு ஒரு துணித்துண்டு, ஐந்து மீட்டருக்கு ஒரு வேறு நிறத் துண்டு என்று அடையாளம் கட்டுங்கள். அளவைக் குண்டின் அடியிலிருந்து தொடங்க வேண்டும், முடிச்சிலிருந்து அல்ல. மூன்று நான்கு கிலோ ஈயக்குண்டு போதும். குண்டின் அடியில் ஒரு குழி இருந்தால் அதில் சோப்பை அமுக்கி வைக்கலாம், சேறா மணலா சிப்பியா என்று ஒட்டிக்கொண்டு வரும். இளகிய சேறு என்றால் குண்டு உள்ளே போய்விடும், அங்கே குண்டின் கீழே ஒரு தட்டைக் கட்டுங்கள்.

இடம்: தரை சமமாக உள்ள, நீரோட்டம் இல்லாத இடம். நேரம்: காற்று எழும்புவதற்கு முந்தைய விடியல். கயிறு சாய்ந்தால் கணக்கு கெடும். பத்து டிகிரி சாய்வுக்கு ஒன்றரை சதவீதம் கூடுதலாகக் காட்டும், இருபது டிகிரிக்கு ஆறு சதவீதம். படகு ஆடினால் எக்கோ எண்ணும் ஆடும், பத்துமுறை படித்து நடுவே உள்ளதை எடுங்கள். கயிற்றை டிரான்ஸ்டியூசர் இருக்கும் இடத்துக்கு நேராகப் பக்கவாட்டில் விடுங்கள்.

ஒரே ஆழத்தில் மட்டும் ஒப்பிட்டால் என்ன தவறு என்று பிரித்தறிய முடியாது. இரண்டு இடங்கள் வேண்டும், ஒன்று ஆழம் குறைவு, ஒன்று அதிகம். நம் படகில் ஆஃப்செட் பூஜ்யத்தில் வைத்து எடுத்த அளவுகள் இப்படி என்று கொள்வோம்.

கயிறு 5 மீட்டர், எக்கோ 3.8.
கயிறு 25 மீட்டர், எக்கோ 23.2.

வித்தியாசம் முதல் இடத்தில் 1.2, இரண்டாவதில் 1.8. வெறும் ஆஃப்செட் குறைபாடு மட்டும் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே வித்தியாசம் வந்திருக்கும். ஆழம் கூடக்கூட வித்தியாசமும் கூடுகிறது என்றால் ஒலி வேகம் சரியில்லை. கயிற்றின்படி இரண்டு இடங்களுக்கும் நடுவே 20 மீட்டர். எக்கோவின்படி 19.4. கருவி ஒலி வேகத்தை நொடிக்கு 1500 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுகிறது என்றால், உண்மையான வேகம் 1500 × 20 ÷ 19.4, கிட்டத்தட்ட 1546. அதைத் திருத்தினால் 3.8 என்பது 3.92 ஆகும், 23.2 என்பது 23.92 ஆகும். இப்போது இரண்டு இடத்திலும் குறைவது 1.08 மீட்டர். கரையில் டேப் வைத்து அளந்த 1.1-ஓடு ஒத்துப்போகிறது பாருங்கள்! இப்படிப் பொருந்தினால் வேலை முடிந்தது. பொருந்தாவிட்டால் டேப் அளவைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஆழம் குறைந்த இரண்டு இடங்களை வைத்து, உதாரணமாக 3 மீட்டரிலும் 8 மீட்டரிலும் அளந்து, ஒலி வேகத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். கருவி 0.1 மீட்டருக்குக் குறைந்து காட்டாது. ஐந்து மீட்டர் இடைவெளியில் அந்த 0.1-ஏ இரண்டு சதவீதம் ஆகிவிடும்.

ஆழம் குறைந்த துறைமுகத்துக்குள்ளேயே ஆஃப்செட்டைச் சரிபார்க்க இன்னொரு வழி, நீரளவைக்காரர்கள் செய்வது. ஒரு இரும்புத் தட்டை இருபக்கமும் கயிறு கட்டி, படகின் குறுக்கே, டிரான்ஸ்டியூசருக்கு நேர்கீழே தொங்கவிடுவார்கள். பழைய தோசைக்கல்லே போதும். நீர்மட்டத்திலிருந்து 2 மீட்டர், 3 மீட்டர் என்று இறக்கி, திரையில் தட்டின் கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். பெரிய எண் தரையைத்தான் காட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்க்காமல் கர்சரைத் தட்டின் கோட்டில் வைத்துப் படியுங்கள்.

ஒலி வேகம்: நம் கடலுக்கு 1500 சரியா?

பல கருவிகள் 1500 மீட்டர் என்ற வட்டமான எண்ணோடு வருகின்றன. குளிர்ந்த கடல்களுக்கு அது பழுதில்லை. நம் கடல் சூடானது, ஆண்டின் பெரும்பகுதி 26 முதல் 30 டிகிரி. 29 டிகிரி சூடும் வழக்கமான உப்பும் உள்ள தண்ணீரில் ஒலி நொடிக்கு சுமார் 1543 மீட்டர் போகும். ஒரு டிகிரி கூடினால் சுமார் 2 மீட்டர் கூடும், ஆயிரத்துக்கு ஒரு பங்கு உப்பு குறைந்தால் சுமார் ஒரு மீட்டர் குறையும். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் கடலில் கலக்கும்போது வேகம் கொஞ்சம் இறங்கும், ஆனால் அதற்காகக் கருவியைத் தொடத் தேவையில்லை.

1500 வைத்து ஓட்டினால் மன்னார் வளைகுடாவில் ஆழம் மூன்று சதவீதம் குறைவாகக் காட்டும். பத்து மீட்டரில் முப்பது சென்டிமீட்டர். உண்மையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, ஆகவே இது பாதுகாப்பான பக்கத்துப் பிழை. திருத்தும் வசதி உங்கள் கருவியில் இல்லையென்றால் கவலைப்படாமல் விட்டுவிடலாம். சிலவற்றில் "நன்னீர், உப்புநீர்" என்று இரண்டு தேர்வு மட்டும் இருக்கும். கடலில் உப்புநீரில் வையுங்கள். அணைக்கட்டு நீர்த்தேக்கத்தில் ஓடும் படகுக்கு 28 டிகிரி நன்னீரில் சுமார் 1504 மீட்டர்தான், அங்கே 1500 கிட்டத்தட்டப் பொருந்திவிடும்.

கருவி தரையைத்தான் பார்க்கிறதா?

ஆஃப்செட்டும் வேகமும் சரியாக இருந்தும் எண் குதிக்கிறதென்றால், கருவி வேறு எதையோ தரை என்று நம்புகிறது.

ஆழம் குறைந்த கடினமான தரையில் அடிக்கடி வருவது இரட்டை எதிரொலி. ஒலி தரையில் பட்டு, நீர்மட்டத்தில் மோதி, மறுபடி தரைக்குப் போய் வருகிறது. 3 மீட்டர் இருக்கும் இடத்தில் திரையில் இன்னொரு தரை சுமார் 6 மீட்டரில் தெரியும். கெயின் (எதிரொலியைப் பெருக்கும் அளவு) அதிகமாக இருந்தால் கருவி அதைப் பிடித்துக்கொண்டு எண்ணையே இரட்டிப்பாக்கிவிடும். கெயினைக் குறையுங்கள், ரேஞ்சை (திரை காட்டும் ஆழ எல்லையை) ஆட்டோவிலிருந்து எடுத்து 10 மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். மேலே உள்ள கோடுதான் உண்மையான தரை.

இதற்கு நேர்மாறானது, ஆழ்கடலில் திடீரென்று 20 மீட்டர் என்று காட்டுவது. முந்தைய துடிப்பின் எதிரொலி தாமதமாக வந்து, அடுத்த துடிப்பின் கணக்கில் விழுகிறது. ரேஞ்சை மாற்றிப் பாருங்கள், பொய்த்தரை இடம் மாறும், நிஜத்தரை மாறாது. கண்டத்திட்டின் விளிம்பைத் தாண்டி ஓடுபவர்கள் இதைப் பார்த்துப் பதறியிருப்பார்கள்.

சேற்றுத் தரையில் அதிர்வெண் பேசும். 200 கிலோஹெர்ட்ஸ் இளகிய சேற்றின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும், 50 கிலோஹெர்ட்ஸ் கொஞ்சம் உள்ளே புகுந்து கெட்டியான அடுக்கில் திரும்பும். கேரளத்தின் ஆலப்புழைப் பக்கம் சாகரை என்று சொல்லப்படும் சேற்றுக்கரைகளில், அல்லது ஆற்று வண்டல் படிந்த முகத்துவாரங்களில், இரண்டும் ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழம் சொல்லும். இரண்டும் தப்பில்லை. துறைமுக நீரளவைக்காரர்கள் வேண்டுமென்றே இரண்டையும் வைத்து, எவ்வளவு சேறு என்று கணக்குப் போடுகிறார்கள். படகோட்டிக்கு 200-ஐ நம்புவதே நல்லது.

பார் (கடலடிப் பாறைத்திட்டு) உள்ள இடத்தில் ஒலிக் கற்றையின் அகலம் முக்கியம். 50 கிலோஹெர்ட்ஸ் கற்றை 45 டிகிரி அகலம் இருந்தால், 20 மீட்டர் ஆழத்தில் பதினாறு மீட்டருக்கு மேல் அகலமான வட்டத்தைப் பார்க்கிறது. அதற்குள் எது மேடோ அதன் ஆழம்தான் முதலில் திரும்பும். 200 கிலோஹெர்ட்ஸில் கற்றை 12 டிகிரி என்றால் நாலு மீட்டர் வட்டத்தோடு நிற்கும். கயிற்றோடு ஒப்பிடும்போது சமதரை வேண்டும் என்று சொன்னது இதனால்தான், அப்போது கருவியை 200 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள்.

டிரான்ஸ்டியூசருக்குக் கீழே அரை மீட்டருக்கும் குறைவாகத் தண்ணீர் இருந்தால் கருவி எதையாவது காட்டும், அல்லது கோடு போட்டு நிற்கும். அந்த நேரத்தில் கம்பை எடுத்துக் குத்திப் பார்ப்பதுதான் வழி.

வரைபடத்தோடு ஒரு பார்வை

டேராடூனில் இருக்கும் தேசிய நீர்வரைபட அலுவலகத்தின் வரைபடத்தில் உள்ள ஆழம், தண்ணீர் மிகவும் வற்றிய மட்டத்திலிருந்து எண்ணியது. அதோடு அந்த நேரத்துக் கடல் ஏற்றத்தைக் கூட்டினால்தான் நீர்மட்டக் கணக்கு வரும். வரைபடம் 6.2 என்றும், அட்டவணைப்படி அப்போதைய ஏற்றம் 0.5 என்றும் இருந்தால் உங்கள் கருவி 6.7 காட்ட வேண்டும், ஏராக் கணக்கில் 4.9. பாக் விரிகுடா ஓரம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் விரிகுடாவே பெரும்பாலும் 15 மீட்டருக்கு உட்பட்டது என்பதால் அந்த அரை மீட்டர்கூட கணக்கில் வரும். ஏற்றவற்ற அட்டவணையை இந்திய நில அளவைத் துறை வெளியிடுகிறது, ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸின் இணையதளத்திலும் பார்க்கலாம்.

இந்த ஒப்பீட்டை வைத்து ஆஃப்செட்டைத் திருத்திவிடாதீர்கள். மணல் ஆண்டுதோறும் நகர்கிறது, வரைபடம் நகர்வதில்லை. கயிற்றுக்கும் கருவிக்கும் பொருந்திவிட்டால், வரைபடம் மாறுபடும் இடங்கள் உங்களுக்குக் கிடைத்த புதுத் தகவல்.

அலாரமும் ஸ்டிக்கரும்

ஆழக்குறைவு அலாரம் திரையில் உள்ள எண்ணைத்தான் பார்க்கும். நீர்மட்டக் கணக்கில் 3 மீட்டருக்கு வைத்த அலாரம் நம் படகில் ஏராவின் கீழ் 1.2 மீட்டர் இருக்கும்போது ஒலிக்கும். யாராவது இடையில் ஏராக் கணக்குக்கு மாற்றிவிட்டு அலாரத்தைத் தொடாமல் விட்டால், அதே 3 மீட்டரில் ஓயாமல் கத்தும், எரிச்சலில் யாரோ அதை அணைத்துவிடுவார்கள். அப்புறம் அது அணைந்தே கிடக்கும். ஆஃப்செட் மாற்றினால் அலாரத்தையும் அந்த நிமிடமே மாற்றுங்கள். ஆழம் குறைந்த இடத்தில் வேகமாக ஓடினால் படகின் பின்பக்கம் கீழே அமுங்கும், அதற்கும் சேர்த்து இடம் விட்டே வையுங்கள்.

கடைசியாக, கருவியின் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர்: "ஆழம் ஏராவிலிருந்து. ஆஃப்செட் 0.7. ஒலி வேகம் 1546. கயிற்றோடு பார்த்த தேதி." எழுதும்போது அழியாத பேனாவால் எழுதுங்கள், டீசல் கை பட்டால் சாதாரண மை போய்விடும். டிரான்ஸ்டியூசர் மாற்றினாலோ, ஏராவிலோ சுக்கானிலோ வேலை பார்த்தாலோ, கருவியை முதல்நிலைக்குத் திருப்பினாலோ, அந்தத் தேதியை அடித்துவிட்டுக் கயிற்றை மறுபடி எடுங்கள்.